மேல்ரோட்டில் நின்று பார்த்த கூரை

அனுப்புநர்:
லூ. பிலோமி,
மேல்ரோட்டுக்குக் கீழ்வரிசை,
காந்தல், உதகமண்டலம்.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
வீட்டுக்கூரை சோலார் திட்டப் பிரிவு,
உதகமண்டலம்.

பொருள்: ஏறிப் பார்க்காமலே என் வீட்டுக் கூரை உறுதியானது என்று கொடுத்த சான்றை ரத்து செய்து, முறையாக ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. வேலைக்கு இடையூறு செய்கிறேன் என்று தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. இடையூறு செய்தது உண்மைதான். இனியும் செய்வேன். காரணத்தைத் தாங்கள் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

2. எங்கள் வரிசையில் வீடுகள் சாலைக்குக் கீழே இருக்கின்றன. போகிறவர் வருகிறவர் கண்ணில் படுவது வாசல் அல்ல, கூரைதான். அதனால் மே மாதக் கோயில் திருவிழாப் பவனி மேல்ரோட்டில் வருவதற்கு முன், சுவருக்கு வெள்ளையடிக்காவிட்டாலும் தகரக் கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுவோம். இந்த ஆண்டும் நானும் என் கணவர் லூயிஸும் அடித்தோம். இருந்த துரு அதில் மறைந்தது.

3. பவனி முடிந்த பிறகு தங்கள் ஆய்வாளர் வந்தார். மேல்ரோட்டிலேயே நின்று செல்போனில் படம் எடுத்தார். "ஏனுங்க, மேல ஏறிப் பாக்கலீங்களா? ஏணி இருக்குதுங்க" என்று கேட்டேன். "எதுக்குங்க? தகரம் புதுசாட்டம் மின்னுது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். கூரை உறுதி என்று சான்று மட்டும் வந்தது.

4. கடந்த திங்கட்கிழமை பேனல் மாட்ட ஆட்கள் வந்தார்கள். முதலில் ஏறிய டெனின் என்பவரின் கால் தகரத்தைப் பிளந்துகொண்டு முழங்கால்வரை அறைக்குள் இறங்கியது. அதற்கு நேர் கீழே என் கைக்குழந்தை அலீனாவின் தொட்டில். குளிப்பாட்டுவதற்காக அப்போதுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டில் நிறையத் துருச்சில்லு.  

5. ஓட்டைக்குத் தார் ஒட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம் என்றார் மேற்பார்வையாளர். ஒரு ஆளையே தாங்காத கூரை, அத்தனை பேனலையும் ஆடி மாதக் காற்றையும் எப்படித் தாங்கும்? டெனினின் காலுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டு, ஏணியை வீட்டுக்குள் இழுத்துப் பூட்டினேன்.

6. பெயிண்ட் அடித்து ஏமாற்றியதாகவும் நோட்டீஸில் இருக்கிறது. திருவிழாவுக்கு வீட்டை அழகுபடுத்துவது ஏமாற்று வேலையா? நல்ல நியாயம்! பெயிண்டைப் பார்த்துவிட்டுப் போவதற்கு ஊர்க்காரர்கள் போதும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே தங்கள் ஆய்வாளர் வந்தார்?

7. பேனல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பித்ததே நாங்கள்தான். அந்தச் சான்றையும் நோட்டீஸையும் ரத்து செய்து, கூரைமேல் ஏறிப் பார்க்கும் ஒருவரை அனுப்புங்கள். தகரத்தையும் அதைத் தாங்கும் மரச்சட்டங்களையும் தட்டிப் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லட்டும். மாற்றிவிடுகிறோம். அதன்பின் தாராளமாக மாட்டலாம்.

அதுவரை, ஆய்வுக்கு வருகிறவருக்கு ஏணியை நானே எடுத்துப் போடுவேன். பேனலோடு வருகிறவருக்குத் தரமாட்டேன். இல்லை, அந்தச் சான்று சரிதான் என்று தாங்கள் இன்னமும் நினைத்தால், கையெழுத்துப் போட்டவரே வரட்டும். தொட்டிலிலிருந்து பிள்ளையை நான் தூக்கிக்கொள்கிறேன். அவர் மேலே ஏறி நிற்கட்டும்.

இடம்: காந்தல்
நாள்: 18.06.2025

ஏணிச் சாவியுடன் காத்திருக்கும்,
(ஒப்பம்) லூ. பிலோமி