புலா குடித்த தண்ணீர்

பட்டதாரி அண்ணாவுக்கு,

பட்டம் உனக்கு, பட்டதெல்லாம் புலாவுக்கு. உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரிடம் பரிசமாக ஓட்டிப் போகவேண்டிய பசு அது.

மழைக்கு முன்னால் காடு முழுக்கக் காய்ந்திருக்கையில் மொகாவ் செடி மட்டும் பச்சையாகத் துளிர்க்கும். புலா அதைத்தான் மேய்ந்துவிட்டது. மொகாவ் தின்ற மாட்டை அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் செத்துவிடும் என்று கெஞ்சினேனே, நீ என்ன சொன்னாய்?

"போடி குரங்கே! என் ஷூவுக்குள்ள பல்லிய விட்டவதானே நீ? இதுவும் உன் விளையாட்டுதான்."

"சத்தியமா இல்லண்ணா. ரெண்டு நாள் பொறுத்துக்க."

"தாகத்துல கத்துது. உனக்கு மனசே இல்லையா?"

மனசுள்ள நீதான் வாளியை நீட்டினாய். பாதி குடிக்குமுன் புலா முன்னங்கால் மடிந்து விழுந்தது. உனக்கோ கால் நன்றாகவே ஓடியது! அன்றைக்கே தலைநகர் கபரோனுக்குப் பேருந்து ஏறினாய். அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்து, தண்ணீர் காட்டியது நான் என்று சொல்லியிருக்கிறாய்.

உன்னிடம் ஆயிரம் விளையாடுவேன். மாட்டிடம் ஒருநாளாவது விளையாடியிருக்கிறேனா?

இனி பட்டிப் பக்கமே வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மாடுகளை மேய்க்க வரும் புது ஆளுக்கு மொகாவ் இலை எதுவென்றே தெரியாது. மழையும் இன்னும் வரவில்லை.

இன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். உன்னைப்போலவே அவரும், "இதுவும் உன் விளையாட்டா?" என்கிறார்.

இப்படிக்கு,
நீ நம்பாத தங்கை