வெளக்கு ஓட்டுல வெச்ச செடி

அன்புள்ள தென்றலுக்கு, சித்தி எழுதுறது. அந்தக் குளிரு ஊர்ல நீ தலைவலி காய்ச்சல் இல்லாம, வேளைக்கி சாப்ட்டு, மனசு தெம்பா இருக்கணும்னு அண்ணாமலையார தெனமும் கேட்டுக்கறேன். இங்க நாங்களும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால ஒக்காந்துகினு பொய் எழுத கை வரல கண்ணு. போன்ல சொல்லலாம்னா உங்க சித்தப்பா பக்கத்துலயே இருக்காரு, நீ கேட்டா எல்லாம் நல்லா இருக்குதும்மான்னு அவரே சொல்லிட்டு போன என்கிட்ட நீட்டிடறாரு. அதுக்கோசரம்தான் எழுதுறேன். எதிர்வூட்டு எழில் இத போட்டோ புடிச்சி உனக்கு அனுப்பறேன்னா. படிக்காம அனுப்பு பாப்பான்னு சொல்லிதான் குடுப்பேன், அவ படிப்பா, படிச்சிட்டுப் போவட்டும். உங்கம்மா போயி நீ என் கைக்கு வந்த நாள்லருந்து உன்கிட்ட நான் எதையும் மறச்சதில்ல, இதயும் மறைக்கக் கூடாது.

நீ ஆடி மாசம் லீவுல வந்தப்ப மாடியில குழாய் மாட்டி, தொட்டியில இருக்கற உரத்தண்ணிய மோட்டார் வெச்சி அதுக்குள்ள ஓட வுட்டு, மண்ணு இல்லாத செடி வெச்சிக் குடுத்துட்டுப் போனியே, அது எல்லாம் போச்சி. அத எப்படி சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தினி நாளா இழுத்துகினு இருந்தேன். அவரு அடி அண்ணாமலை நெலத்துல வரப்புல விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சதுலருந்து எப்படி இருந்தாருன்னு உனக்குத் தெரியும். நெலத்த அப்பாசாமிகிட்ட பயிர் வெக்க வுட்டுட்டு, செவுத்தப் பாத்துகினு படுத்துருந்த மனுஷன். நீ குழாய மாட்டும்போது கூட, மண்ணு இல்லாம செடியா, ஆஸ்பத்திரியில டியூப் மாட்டுன மாதிரி இல்ல இருக்குதுன்னு கிண்டல் பண்ணாரு. நீ போனப்பறம் அந்த டியூப் மாட்டுன செடியப் பாக்கத்தான் தடிய ஊனிகினு காலையில ஒருவாட்டி சாயந்தரம் ஒருவாட்டி மாடி ஏறினாரு. டாக்டரு நடங்க நடங்கன்னு தொண்டை வறளக் கத்தி நடக்காதவரு, புதினாவுக்காக நடந்தாரு. ரமணாசிரமம் பக்கம் ஒரு ஓட்டல்கார அம்மா பாத்துட்டு, இன்னும் ஒரு வரிச குழாய் போட்டா எல்லாத்தையும் நானே வாங்கிக்கறேன்னாங்க. அன்னிக்கி ராத்திரி ரெண்டு தோசை ஜாஸ்தி சாப்ட்டாரு.

அந்த ரெண்டாவது வரிசதான் வெனையா வந்துச்சி. நீ வேர் புடிக்க ஓட்டை டம்ளர்ல போட்டியே செவப்பு மண்ணு உருண்டை, அது மொத வரிசைக்கே சரியாப் போச்சி. இங்க கடையில கேட்டா அப்பிடின்னா இன்னான்னு நம்மளையே திருப்பிக் கேக்கறான். நீ பாவம் எத்தினிதான் அனுப்புவ, நானே ஏதாவது பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. மொதல்ல தேங்கா நாருத் தூளு போட்டாரு. தண்ணி டீத்தண்ணி கலரா ஆயி மோட்டார அடச்சிகிச்சி. அப்பறம் நம்ம ஆட்டோ சகாதேவன்கிட்ட சொல்லி ஒரு கோணிப்பை பொடிக்கல்லு கொண்டாரச் சொன்னாரு. உருண்டை உருண்டையா, அழகா இருந்துச்சி. நாந்தான் அலசிக் குடுத்தேன். கீரையும் புதினாவும் போட்டி போட்டுகினு வந்துச்சி, நானும் அடடான்னு இருந்தேன். தீபத்து அன்னிக்கி மலை சுத்த போற கூட்டத்துல சகாதேவன் பேச்சுவாக்குல சொல்றான், உங்க வூட்டுக் கல்லு மலை அடிவாரத்துலதான் பொறுக்கனேன், ஓடைப் பக்கம் நெறைய கெடக்குதுன்னு.

எனக்கு காலு அங்கயே நின்னுபோச்சி. மலையே சாமி, அதுமேல காலு படக்கூடாதுன்னு கீழயே சுத்திட்டு வர்றவங்க நாம. அந்த சாமி ஒடம்புலருந்து ஒரு மூட்டைய எடுத்தாந்து மாடியில உரத்தண்ணியில ஊறப் போட்ருக்கோம். வூட்டுக்கு வந்து சொன்னா உங்க சித்தப்பா சிரிக்கறாரு. தெனம் மோட்டார் வெச்சி அபிஷேகம்தானேடி நடக்குது, எந்தக் கோயில்ல இப்பிடி நாள் பூரா பண்றான்னு கேக்கறாரு. வூடு கட்டுன ஜல்லி இன்னா மானத்துலருந்தா வந்துச்சின்னாரு. அது வேற மலைங்க, இது வேறன்னு சொன்னேன். எனக்கு சோறு எறங்கல. ஒடஞ்ச இடுப்புக்கு நான் பண்ண வேண்டுதல் எல்லாம் இந்தக் கல்லால வீணாப் போயிடுமோன்னு பயம். கடைசியில அவரே, சரி போ, சாமிய கொண்டுபோயி அவரு எடத்துல வுட்டுட்டு வா, உன் மூஞ்சிய என்னால பாக்க முடியலன்னாரு. அந்த வரிச செடிய எல்லாம் வாளித் தண்ணியில நிறுத்தி வெச்சிட்டு, சகாதேவன் ஆட்டோவுலயே கொண்டுபோயி, ஒரு கல்லு மிச்சம் இல்லாம கொட்டி, சூடம் ஏத்தி கன்னத்துல போட்டுகினு வந்தேன். அது சரியாதான் பண்ணேன் கண்ணு, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

திரும்பி வரும்போதுதான் புத்தி கெட்டுப்போச்சி. தீபம் முடிஞ்ச மறுநாளு, தெருவெல்லாம் அகல் வெளக்கு ஒடஞ்சி குப்பையோட கூட்டி வெச்சிருந்தாங்க. சாமிக்கு எரிஞ்ச வெளக்கு காலுல மிதிபடுதேன்னு மனசு கேக்கல. பாத்தா அதே செவப்பு, அதே சுட்ட மண்ணு, நீ கொண்டாந்த உருண்டையும் சுட்ட மண்ணுதான்னு நீதான சொன்ன. அண்ணாமலையாரே வழி காட்டிட்டாருன்னு நெனச்சிகினு ரெண்டு பை பொறுக்கினேன், நம்ம வூட்டு வெளக்கு, எழில் வூட்டு வெளக்கு எல்லாத்தையும் சேத்தேன். சீயக்கா போட்டு வெந்நீர்ல கழுவனேன். அவரு மாடியில நாற்காலி போட்டுகினு சுத்தியால டம்ளர் அளவுக்குத் தட்டித் தட்டி ஒடச்சாரு, நான் ஜலிச்சிக் குடுத்தேன். பாட்டு கூட முணுமுணுத்தாரு. கல்யாணம் ஆனதுலருந்து நாங்க ரெண்டு பேரும் சண்ட போடாம ஒரு வேலைய முடிச்சது அதுதான்.

எண்ணெய் ஓட்டுக்குள்ள ஊறியிருக்கும்னு எனக்கு ஒறைக்கல. நெய்யும் நல்லெண்ணெயும் ராவெல்லாம் குடிச்ச ஓடு அது, மேல கழுவனா போவுமா. ஒரு வாரம் ஒண்ணும் தெரியல. அப்பறம் தொட்டித் தண்ணி மேல பளபளன்னு ஆடை கட்டுச்சி. எல மஞ்சளாச்சி, வேரு கருத்து வழவழன்னு ஆயி நாத்தம் அடிச்சிது. ரெண்டு வரிசைக்கும் ஒரே தொட்டி, ஒரே மோட்டார், நீ வெச்ச பழைய செடிக்கும் அதே தண்ணிதான போவுது. எல்லாம் சேந்து போச்சி. அவரு ஒத்த வார்த்த திட்டல. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்துருக்கும். ஒவ்வொண்ணா புடுங்கி பழைய பேப்பர்ல வரிசையா வெச்சாரு, மருந்து வெச்சி செத்த எலிய எடுத்து வெக்கற மாதிரி. அப்பறம், என் கையிக்கு நெலமும் ஆவல, தண்ணியும் ஆவல எல்லம்மான்னு சொல்லிட்டு கீழ எறங்குனவருதான், இன்னிக்கி வரைக்கும் மாடி ஏறல. திரும்பவும் அதே கட்டிலு, அதே செவுரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, இப்பிடியே ஒக்காந்தா இடுப்பு இறுகிடும், அப்பறம் தடி கூட ஒதவாதுன்னுட்டாரு. நேத்து சகாதேவன கூப்ட்டு, அடுத்த வாரம் வந்து குழாய எல்லாம் கழட்டி எடுத்துகினு போடான்னு சொல்லிட்டாரு. குழாய் போயிட்டா அவருக்கு மாடி ஏற எந்த வேலையும் இருக்காது கண்ணு. அதுதான் என் பயம், வேற ஒண்ணும் இல்ல.

அதனால நான் அவருக்குத் தெரியாம ஒண்ணு பண்ணேன். திரி படாத புது அகலு நாலு வாங்கியாந்து ஒடச்சி ஒரு டம்ளர்ல போட்டேன். இன்னொண்ணுல உமிக்கரிய நாலஞ்சி வாட்டி தண்ணியில அலசிப் போட்டேன். ரெண்டுலயும் புதினா குச்சி நட்டு, தனித்தனி கிண்ணத்துல கொஞ்சமா உரத்தண்ணி ஊத்தி சமையக்கட்டு ஜன்னல்ல வெச்சேன். ரெண்டும் வேரு வுட்டுச்சி, வெள்ளையா, நூலு மாதிரி. உமிக்கரியில எல கொஞ்சம் வெளுப்பா இருக்குது, ஓட்டுல சீக்கிரம் காயுது. எது நல்லதுன்னு எனக்குத் தெரியல, ரெண்டையும் கலக்கலாமான்னும் தெரியல. குழாய்க்குள்ள ஒட்டியிருக்கற எண்ணெய எதப் போட்டு கழுவணும்னு எனக்கு மட்டும் எழுதி அனுப்பு, நானும் எழிலும் கழுவிடறோம். மீதிய என்கிட்ட சொல்லாத, அவரக் கேளு. நீ பண்ண இந்தச் செடி வேலையில உனக்கே சந்தேகம் வந்த மாதிரி, சித்தப்பா, உமிக்கரி போடலாமா புது ஓடு போடலாமா, நீங்க இன்னா நெனைக்கறீங்கன்னு கேளு. செடி செத்தது உனக்குத் தெரியும்னு காட்டிக்காத. சகாதேவன் வர்றதுக்கு முன்னால கேளு.

இன்னும் ஒண்ணு எழுதிட்டு நிறுத்திக்கறேன். முந்தாநாளு ஜன்னல்ல எடம் இல்லன்னு அந்த ஓட்டு டம்ளர கிண்ணத்தோட மாடிப் படியில கொண்டுபோயி வெச்சேன், மொத படியில. வேணும்னேதான் வெச்சேன், அவரு கட்டில்லருந்து பாத்தா தெரியும். இன்னிக்கி காலையில மார்கழி கோலம் போட்டுட்டு உள்ள வந்தா, டம்ளரு மூணாவது படியில இருக்குது. மொத படியில கிண்ணம் இருந்த எடத்துல ஈரம் வட்டமா இருக்குது. நம்ம வூட்ல காலை வெயிலு மூணாவது படியிலதான் விழும். நான் நகத்தல தென்றல். இந்த வூட்ல வேற யாரும் இல்ல. நான் பாத்ததாவே காட்டிக்காம காப்பி போட்டுக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு. நாளைக்கி அத அஞ்சாவது படியில வெக்கலாமா, இல்ல அவரே வெக்கட்டுமான்னு யோசிச்சிகினு இருக்கேன்.

காதுக்குத் துணி கட்டிகினு வெளிய போ, சனிக்கெழம தலைக்கு எண்ணெய் வெய்யி. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மாளும் உன் கூடவே இருப்பாங்க. சீக்கிரம் போன் பண்ணு, என்கிட்ட இல்ல, அவருகிட்ட.

இப்படிக்கி,
உன் பேர சொல்லி தெனம் வெளக்கேத்துற சித்தி,
எல்லம்மாள்
வேங்கிக்கால், திருவண்ணாமலை