தண்ணீர் குடிக்காத மீன்காரி

மாதா துணை

குருநகர்,
18.8.1974

என் அன்பு மகன் அடைக்கலநாதனுக்கு,

கடல் கடந்து நிற்கிற உனக்கு எங்கள் எல்லோருடைய முத்தமும் மாதாவின் காவலும் முதலில் வந்து சேரட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தமுறை நிறுத்தி நிதானமாய், எழுத்து எழுத்தாக எழுதுகிறேன் மகன். இது கைப்பழக்கத்தில் எழுதுகிற சுகம் இல்லை. விலாவைக் கீறி, கல்லெடுத்து, தையல் வெட்டி, யாகப்பர் திருநாளுக்குக் கோயிலுக்கும் போய், நேற்றுச் சந்தையிலும் இருந்துவிட்டு வந்தவளின் சுகம். கப்பலை விட்டு இறங்கி வரவா என்று நீ கேட்டு எழுதியதை அப்பா வாசித்துக் காட்டினார். பெற்ற வயிறு குளிர்ந்தது, ஆனால் வரவேண்டாம். பேசிய தவணையை முடித்துக்கொண்டு வா. அப்பா உனக்கு எழுதியதில் பாதி அழுகையும் பாதி பிழையும் இருந்திருக்கும், நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

போன மாரியிலிருந்தே இடது விலாவில் குத்து. குத்தென்றால் சும்மா குத்தா, முதுகில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும், ஒரு பிள்ளைப்பேறு போல. வாயு என்று உள்ளியும் பெருங்காயமும் தின்றேன். பரியாரி தந்த கசாயத்தையும் குடித்தேன். பிறகு ஒருநாள் சலம் இரத்தமாய்ப் போனது. அதைக் கண்ட உன் அப்பா, நடுக்கடலில் புயலுக்கு நடுங்காத மனிசன், நடுங்கிப் போய் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்த வயதில் சைக்கிள் பாரில் போனதை ஊரே பார்த்தது, அந்த வெட்கம் வேறு. அங்கே கையில் ஒரு மருந்தை ஏற்றி, அது குண்டிக்காய்க்குள், டொக்டர்மார் சிறுநீரகம் என்கிறதற்குள், போய் இறங்குவதை எக்ஸ்றே படமாய்ப் பிடித்தார்கள். டொக்டர் முத்துக்குமாரு படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது குண்டிக்காய் நல்ல வடிவாய்த் தெரிந்தது. இடது பக்கத்தின் வாசலில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது, சலம் இறங்க வழியில்லாமல் அது வீங்கிப்போய்க் கிடந்தது. திறந்து பார்த்தால்தான் தெரியும், பிழைக்கிற குண்டிக்காய் என்றால் கல்லை மட்டும் எடுப்பேன், பழுதாகியிருந்தால் குண்டிக்காயையும் எடுக்க வேண்டிவரும் என்று உள்ளதை ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு, "தண்ணி எவ்வளவு குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். காலமை ஒரு தேத்தண்ணி, பிறகு பொழுதுபட வீட்டை போய்த்தான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் மகன். இத்தனை வருசத்தில் செபஸ்தி யாவார நேரத்தில் இடத்தை விட்டு எழும்பினாள் என்று சந்தையில் ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். தண்ணீர் குடித்தால் சலத்துக்கு எழும்பவேண்டும், எழும்பிப் போனால் பக்கத்திலிருக்கிற சின்னத்தங்கம் என் ஆட்களைக் கூப்பிட்டுத் தன் மீனை விற்றுவிடுவாள். அவளும் எழும்பமாட்டாள், நான் அவளுடைய ஆட்களைக் கூப்பிடுவேன் என்ற பயம். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அம்மா, உந்தக் கல்லு ஒருநாளிலை வந்ததில்லை, நீங்கள் இருந்து இருந்து வளத்த கல்லு" என்றார். எனக்கு ஒரு மாதிரியாய்ப் போய்விட்டது.

ஒப்பறேசன் கடதாசிக்கு அப்பாவை ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். அவருக்குக் கை ஓடவில்லை. இஞ்சை கொண்டாங்கோ, என்ரை குண்டிக்காய்க்கு நானே வைக்கிறன் என்று வாங்கி, கன்னியாஸ்திரிமார் படிப்பித்த எழுத்தில் முழுப்பெயரும் எழுதினேன். மயக்கம் தெளிந்து, விலாவில் ஒரு ரியூப்போடு கிடந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, இருக்கோ எடுத்தாச்சோ என்பதுதான். "இருக்கு அம்மா, கல்லுத்தான் போச்சு" என்று அந்தப் பிள்ளை, நேர்ஸ், என் கையைப் பிடித்துச் சொன்னாள். அழுதேன், தையல் நோக நோக அழுதேன். கல் நெல்லிக்காய் அளவு, முள்ளும் முனையுமாய். இவ்வளவு பெரியதை அந்த ஆஸ்பத்திரி வாட்டில் கன காலமாய்க் காணவில்லையாம். உன் அப்பா அதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு கரையில் திரிந்து, இது என்ரை மனிசியின்ரை கல்லு, பாருங்கோ என்று ஒருவர் விடாமல் காட்டுகிறார். நீ முதல் கப்பலேறியபோதுகூட மனிசன் இப்படி நெஞ்சை நிமிர்த்தித் திரியவில்லை, கோபிக்காதே.

சின்னத்தங்கம் என்னைப் பார்க்க வந்தாள் என்றால் நம்புவாயா? என் மீனை ஐஸ் மீன், பழைய மீன் என்று கூவிக் கூவியே பிழைத்தவள், தோடம்பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். சுகம் கேட்கவில்லை. கீறினது நோகுதோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா, உனக்கும் சலம் போகேக்கை எரியுதோடி என்றேன், பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். கையோடு டொக்டரிடம் அனுப்பினேன். அவளுக்குக் கல் இல்லை, சலப்பையில் அழற்சி, குளிசையோடு போயிற்று. ஆனால் தண்ணீர் குடிக்காவிட்டால் அடுத்த கட்டில் உங்களுக்குத்தான் என்று அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

என்னிடம் விளைமீன் வாங்குகிற குணலட்சுமி ரீச்சரின் வீடு சந்தைக்குப் பின் ஒழுங்கையில்தான். சந்தையில் எங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லையே என்று நான் கேட்டதும், பின்கதவைத் திறந்தே விடுகிறேன், கக்கூசுக்கு எல்லாரும் வாருங்கோ என்றுவிட்டார். இடம் கிடைத்தது, கூடையை விட்டுப் போக மனம் வரவேண்டுமே! நேற்று டொக்டர் சொன்னபடி செம்பு செம்பாய்க் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வர, பாரைமீன் கூடையைப் பார்க்கிறேன், பக்கத்தில் அவளைப் பார்க்கிறேன். "போவன், நான் பாக்கிறன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. அரை மனத்தோடு எழும்பிப் போனேன். ஒழுங்கைக்குள் கால் வைக்கவும் அவளுடைய வெண்கலத் தொண்டை கேட்கிறது. "செபஸ்தியின்ரை பாரை! கண்ணைப் பாருங்கோ, செவுளைப் பாருங்கோ, இப்பதான் கடலாலை வந்தது, இதைவிட நல்ல மீன் இண்டைக்குச் சந்தையிலை இல்லை!" மகன், போன அவசரத்தையும் மறந்து மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். திரும்பி வந்து, இப்ப நீ போ, நான் பாக்கிறன் என்றேன். அவள் போனதும் அவளுடைய சூடைமீனை நான் கூவிய கூவலில் எனக்குத் தையல் பிரிந்துவிடும் போலிருந்தது.

அப்பாவும் தங்கச்சியும் உன்னைக் கேட்டார்கள். பூசையை விடாதே. யாகப்பரும் மாதாவும் உன் கப்பலுக்கு முன்னும் பின்னும் நிற்பார்கள். எஞ்சின் அறையில் வேர்த்து ஊற்றுகிறது, எழும்ப நேரமில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கதை எனக்கு வேண்டாம், நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடி. வந்தால் அடக்காதே. பக்கத்தில் நிற்கிறவன் எந்த நாட்டுக்காரனாய் இருந்தாலும், உனக்கு ஆகாதவனாய் இருந்தாலும், கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போ. பார்த்துக்கொள்வான்.

உன்னை நினைத்து நெற்றியில் சிலுவை வரைந்து,
இரண்டு குண்டிக்காயோடும் இருக்கிற உன் அம்மா,
கி. செபஸ்தியம்மா