எலியறியாக் களஞ்சியத்தில் அகப்பட்ட பாம்பு

மழை பருவம் தவறாதிருக்க; செங்கழனி நாடாளும் தேவி இளம்பொறை நங்கையார் தென்கரைப் பயணம் முடித்து நலமே திரும்புக.

தலைமை அமைச்சர் பொழில்நாடனார், அரண்மனை மதிலையொட்டிய கூலம்பாடிக் களஞ்சியத்தின் தலைவரும் ‘எலியறியாக் களஞ்சியத்தார்’ என்று ஆண்டுதோறும் பட்டமும் பட்டும் பெறுபவருமான கொற்றவேளாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் குதிர்களும் நிறைந்திருப்பதாக.

தேவியார் புறப்படுகையில் அமைச்சரிடம் நாட்டையும் ஒரு பாம்பையும் ஒப்படைத்துச் சென்றார். நாட்டால் அமைச்சருக்குத் தொல்லையில்லை. கடல்வணிகர் காணிக்கையாகத் தந்த அந்தச் சோளப்பாம்பு நஞ்சற்றது. செம்பொன் நிறம், வயிற்றில் சோளமணி அடுக்கியது போன்ற கட்டங்கள். வந்தபோது சந்தனப் பேழைக்குள் சுருண்டு கிடந்தது. இப்போது அமைச்சரின் கையைவிட நீளம். தேவியார் திரும்பி வருகையில் அதை உயிரோடு காட்டுவதாக அமைச்சர் வாக்களித்திருக்கிறார்.

அதற்கு வேண்டியது தன் உடற்பருமனுக்கு ஒத்த ஒரு சுண்டெலி. அது செரித்தபின் இன்னொன்று. மடைப்பள்ளியார் பால் வைத்தனர். பாம்பு முகர்ந்தும் பார்க்கவில்லை. வேட்டுவர் பெருச்சாளி கொணர்ந்தனர். பாம்பு அஞ்சிச் சட்டிக்கடியில் ஒளிந்தது. அரண்மனையிலோ பூனைகள் மிகுதி. ஆகவே அமைச்சர் உம்மிடம் ஆளனுப்பினார். எம் களஞ்சியத்தில் எலியென்பதே கிடையாது, இருப்பதாகச் சொல்பவன் பட்டத்தைப் பழித்தவனாவான் என்றீராம். மறுமுறை கேட்டதற்கு, பாம்பைச் சைவத்துக்குப் பழக்குமாறு அமைச்சருக்கு அறிவுரை சொல்லியனுப்பினீராம். உம் பணியாளர் அதைக் கேட்டுச் சிரித்ததும் அவர் காதுக்கு எட்டியது.

உறையுளும் அவ்வாறே. ஒருபுறம் வெயிலின் இளஞ்சூடும் மறுபுறம் குளிர்ச்சியும், ஒளிய ஓர் ஓடும், நீர்த்தட்டும், தாழிட்ட மூடியும் கொண்ட தேக்குப்பெட்டி கேட்டார் அமைச்சர். தச்சர் நல்ல நாள் பார்த்து அளவெடுத்து முடிப்பதற்குள் பாம்பு அந்த அளவைத் தாண்டி வளர்ந்தது. போதாததற்கு, அரசியாரின் விருந்தாளியைத் தாழிட்டு அடைப்பது சிறைவைப்பதாகும் என்று சொல்லித் தாழை விட்டுவிட்டனர். பசித்த பாம்பு மூடியை மூக்கால் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

தேவியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணியபடி அமைச்சர் கட்டிலுக்கடியிலும் கவரிகளுக்கிடையிலும் தாமே குனிந்து தேடினார். நேற்று அது கிடைத்தது. உம் களஞ்சியத்தில், வரகு மூட்டைகளுக்குப் பின்னால், நடுவயிறு புடைத்து, நிறைவாகப் படுத்திருந்தது. வாயோரம் ஒரு வால்நுனி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணாரக் கண்டபின்னும், அது வரகுத்தாள் என்று நீர் அமைச்சரிடம் சொன்னீர்.

ஆகையால் அமைச்சரின் ஆணை: உண்டது செரிக்கும்வரை பாம்பை எவரும் தொடலாகாது. தச்சர் தாழ் பொருத்திய பெட்டியை உம் களஞ்சியத்துக் கிழக்குச் சுவரோரம் வைப்பர். அதன் உணவுக்கு இனி நீரே பொறுப்பு. வரகுத்தாள் என்றே சொல்லிக்கொள்ளும். ஆனால் அந்தத் தாள் உயிரோடிருக்கட்டும். அறுவடை விழாவுக்குத் தேவியார் திரும்பியதும் பட்டமளிப்பு வழக்கம்போல் நடைபெறும். ‘எலியறியாக் களஞ்சியத்தார்’ பட்டமும் பட்டும் இவ்வாண்டு பாம்புக்கு. பெட்டியை அவைக்குச் சுமந்து வருபவர் நீர்.

அமைச்சர் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. ஏர் முத்திரை இடப்பட்டது. இதற்கு மறுமொழி வேண்டியதில்லை, சுண்டெலி போதும்.