மண்ணை மண்ணென்று சொல்லக் கோரி

அனுப்புபவர்:
திருமதி ஐறீன் சவுந்தரநாயகம்,
17/4, புதுத்தோட்ட ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுபவர்:
தலைவர் அவர்கள்,
மனித உரிமைகள் ஆணைக்குழு,
கொழும்பு.

விடயம்: விளக்கமறியலில் உள்ள என் மகன் சவுந்தரநாயகம் கிளைவ், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆயத்தமாவதால், அவரிடம் கைப்பற்றிய பொருளின் ஆய்வு அறிக்கையை அடுத்த வழக்குத் தவணைக்கு முன் பெற்றுத்தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்ற விதவை. பிறருக்கு எத்தனையோ மனுக்கள் தட்டிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்தக் காரியத்துக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. மனுவில் மகனை ‘அவர்’ என்று எழுதுவதே முறை. விடயத்தில் அப்படி எழுதிவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்தருளவும்.

2. கிளைவ் என் ஒரே மகன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் பில் எழுதும் வேலை. சென்ற ஒக்டோபர் மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து நடந்து வந்தவனை எங்கள் ஒழுங்கை முனையில் பொலிசார் மறித்துச் சோதித்தார்கள். அவனுடைய பேர்ஸில் சிறிய பொலித்தீன் பொட்டலம் ஒன்றும் அதற்குள் கபில நிறத் தூளும் இருந்தன. போதைப்பொருள் என்று சொல்லி அங்கேயே கைது செய்தார்கள்.

3. ஐயா, அது மண். மடு மாதா கோவில் மண். தாங்கள் அறியாதிருந்தால் சொல்கிறேன்: மடுத் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கர் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுவருவோம். அது இருக்கும் இடத்தில் பாம்பு, விஷம் அண்டாது என்பது எங்கள் நம்பிக்கை. உடம்புக்கு முடியாமல் வந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து குடிப்பதும் உண்டு. ஓகஸ்ட் திருவிழாவுக்குப் போய் வந்ததும் அதை மாவரிப்பால் அரித்து, பொலித்தீனில் இட்டு, கொட்டுப்படாமல் இருக்க மெழுகுதிரிச் சுவாலையில் விளிம்பைக் காட்டி ஒட்டி, மகனுடைய பேர்ஸில் வைத்தவள் நான்தான். “கொழும்பில எங்கையம்மா பாம்பு?” என்று சிரித்தான். “கிடக்கட்டும், உனக்கென்ன பாரமே?” என்று நான் அதட்டினேன். குடு என்கிற ஹெரோயின் தூள் விற்பவர்களும் பொட்டலத்தை இப்படித்தான் நெருப்பில் காட்டி ஒட்டுவார்களாம். இதெல்லாம் எனக்கு எப்படி ஐயா தெரியும்?

4. “மடு பஸ் டிகக், சேர்” என்று, அது கொஞ்சம் மடு மண் என்பதை அவன் சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறான். சிரித்தார்களாம். அந்தப் பொலிசாரில் ஒருவர் கையில், எங்கள் கத்தோலிக்கர் போடும் செபமாலை மோதிரம் போட்டிருந்தாராம். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த மோதிரக்காரர் மேல்தான்.

5. அன்றிலிருந்து விளக்கமறியல் சிறைதான். ஒவ்வொரு தவணைக்கும் போகிறோம்; ஆய்வு அறிக்கை வரவில்லை என்கிறார்கள்; அடுத்த தவணை போடுகிறார்கள். அறிக்கை இல்லாமல் பிணையும் இல்லை என்றாகிவிட்டது. ஒரு சிட்டிகை மண்ணை மண்ணென்று சொல்ல எத்தனை மாதம் வேண்டும்? குற்றவாளியென்று எண்பிக்கப்படும்வரை ஒருவனைச் சுத்தவாளியாகவே கொள்ளவேண்டும் என்று நம் அரசியலமைப்பு சொல்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. ‘குடுக்காரன் வீடு’ என்று அடையாளம் சொல்லித்தான் இப்போது ஓட்டோக்காரருக்கே வழி காட்டுகிறார்கள். கடை முதலாளியும் அவன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்.

6. சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோனால், வாசலில் காவலர் முன்னிலையில் கொண்டுபோனவரே அதைத் தின்று காட்டவேண்டும். அது சரியான சட்டம். நான் குறை சொல்லவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை, மெலிந்து போனானே என்று கோழிக்கறி சமைத்துக் கொண்டுபோனேன். தவக்கால வெள்ளியில் நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. ஆனாலும் அன்று அந்த வாசலில் நின்று வாயில் வைத்து மென்று விழுங்கினேன். தலையாட்டி உள்ளே விட்டார்கள்.

7. அன்றுதான் மகன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: “அம்மா, அடுத்த தவணையில நான் ஓமெண்டு ஒத்துக்கொள்ளப் போறன். கொஞ்சத் தூளெண்டா தண்டத்தோட விட்டிடுவினமாம். உள்ளுக்க எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். பிள்ளை பிறக்கேக்க நான் றஷ்மிக்குப் பக்கத்தில நிக்கவேணும்.” றஷ்மி என் மருமகள். வருகிற ஏப்ரல் மாதம் அவளுக்கு முதற்பிள்ளை. என் பக்கத்தில் நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பிக்குக் கிட்டே போனாள்.

8. ஒளிக்காமல் எழுதுகிறேன். “சரி மகன், சொல்லிப்போட்டு வா” என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. அவன் சாப்பிடாத மேசையில் நானும் இருந்து சாப்பிட ஏலாமல் இருக்கிறது. ஆனால் கப்பலில் வேலைக்கு எழுதிப்போட்டவன் அவன்; குற்றப்பதிவு உள்ளவனை எந்தக் கப்பல் ஏற்றும்? பிறக்கப்போகும் பிள்ளைக்கு, உன் அப்பா செய்யவில்லை, சும்மா ஒத்துக்கொண்டவர் என்று யார் விளங்கப்படுத்துவது? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணைக் குடு என்று என் மகனே தன் வாயால் சொல்வதை நான் நீதிமன்றத்தில் இருந்து கேட்கவேண்டும். அதற்கு எனக்குச் சீவன் இல்லை ஐயா.

9. ஆகையால், எதிர்வரும் மார்ச் 27ஆம் திகதித் தவணைக்கு முன் அந்த ஆய்வு அறிக்கை நீதவான் நீதிமன்றத்துக்குக் கிடைக்கத் தாங்கள் ஆவன செய்யவேண்டும். வீட்டுக்குப் போகும் ஆசையில் என் மகன் பொய்க் குற்றத்தை ஏற்பதற்கு முன், ஆணைக்குழு அதிகாரி ஒருவர் அவனைச் சிறையில் நேரில் கண்டு கதைக்கவேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்கிறேன்.

10. அன்றைக்கும் அறிக்கை வராவிட்டால் என்னிடம் ஒரு வழி உண்டு. சிறைவாசலில் சோற்றை நான் தின்று காட்டினால் நம்புகிறார்கள். அந்தப் பொட்டலத்தையும் மன்றுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீதவான் அவர்கள் பார்க்க, செபமாலை மோதிரம் போட்டவரும் பார்க்க, அதை நான் தின்று காட்டுகிறேன்.

எழுதியது யாவும் உண்மையென்று ஒப்பமிடும் தாய்,

(ஒப்பம்) ஐறீன் சவுந்தரநாயகம்

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025 மார்ச் 17