சிதம்பரம் 64 கேபி லைனில் மாப்பிள்ளையின் பதில் சிக்கிக்கொண்டது குறித்து

அனுப்புநர்:
ம. கொளஞ்சியப்பன் (வயது 52),
மோட்டார் காயில் கட்டும் கடை,
கடைத்தெரு, புவனகிரி.

பெறுநர்:
உயர்திரு துணைக் கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசி நிலையம், சிதம்பரம்.

பொருள்: தனியார் பிரவுசிங் சென்டரில் 64 கேபி (நொடிக்கு 64 கிலோபிட்) டிஜிட்டல் லைன் பழைய மோடத்தைவிட மெதுவாகப் போனதும், அதனால் என் தங்கை மகள் ரேகாவின் சம்பந்தம் நின்றதும் – சான்று கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். டிஜிட்டல் லைன் வந்தால் ஜனங்கள் ஏமாறுவார்கள் என்று 1998-லேயே கடைத்தெருவில் நாற்பது பேர் முன்னிலையில் சொன்னவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், கடலூர் எஞ்சினியர் ஒருவரே என் கடை வாசலில் நின்று மோடம் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

1. ரேகா பி.எஸ்சி. படித்தவள், தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் என்ற முறையில் வரன் பார்த்தது நான்தான். குறிஞ்சிப்பாடி புஷ்பவள்ளி அம்மாளின் மகன் அருள்மொழி குவைத்தில் ஏசி மெக்கானிக். என் கணக்கில் எஞ்சினியருக்குச் சமம். அவருக்கு லீவு இல்லாததால் 20.08.2006 ஞாயிறு காலை கம்ப்யூட்டரில் பெண் பார்ப்பது என்று இரு வீட்டாரும் பேசி முடித்தோம்.

2. என் எதிர்க்கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரும், போன் லைனில் இன்டர்நெட் பிடிக்கும் 56 கேபி மோடமும் உண்டு. அதுவே போதும் என்று தங்கை சௌந்தரம் சொன்னது உண்மை. ஆனால் சிதம்பரம் பேருந்து நிலையம் பக்கம் கண்ணாயிரம் என்பவர் நடத்தும் சென்டரில் '64 கேபி டிஜிட்டல் லைன்' என்று ஆள் உயரப் பலகை. 56-ஐவிட 64 பெரிது என்பது குழந்தைக்கும் தெரியும். வேன் பிடித்து எங்கள் ஆட்கள் எல்லோரையும் அழைத்துப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரும் நேரே அங்கே வந்துவிட்டார்கள்.

3. அந்த 64 என்பது மொத்த லைனுக்கு என்று பலகையில் இல்லை. உள்ளே எட்டு கம்ப்யூட்டர்கள். ஒரே பம்புசெட்டுத் தண்ணீரை எட்டு வயலுக்குத் திருப்பினால் எது நனையும்? தலைக்கு எட்டு கேபி. நான் முதன்முதலில் பார்த்த மோடமே 9.6. பிறகு 14.4, 28.8, 33.6, 56 என்று படிப்படியாக ஏறி வந்தோம். டிஜிட்டல் என்று பெயர் சூட்டி முதல் படிக்கும் கீழே எங்களைத் தள்ளிவிட்டார்கள். மற்ற ஏழு கம்ப்யூட்டரிலும் காலேஜ் பையன்கள் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பும்படி கண்ணாயிரத்திடம் மூன்று முறை மன்றாடினேன். மனிதர் அசையவில்லை.

4. சரியாக 10.47-க்கு புஷ்பவள்ளி அம்மாள் மைக்கைப் பிடித்து, "தம்பி, பொண்ணப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். அந்த நொடியில் படம் நின்றது. உதடு ஒரு பக்கம் இழுத்து, கண் பாதி சொருகி, கஷாயம் குடித்தவர் போல மாப்பிள்ளையின் முகம் அப்படியே உறைந்தது. சத்தமும் இல்லை. நான்கு நிமிடம் அத்தனை பேர் நடுவில் ரேகா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மூஞ்சியிலயே தெரியுதே. எழுந்திரிங்க, போவலாம்" என்று அந்த அம்மாள் தம் ஆட்களோடு வெளியேறிவிட்டார்.

5. பிடித்திருக்கிறது என்று அப்போதே சொன்னதாக மறுநாள் மாப்பிள்ளை போனில் கூறினார். தாயார் நம்பவில்லை, பாவம் பார்த்து மாற்றிப் பேசுகிறான் என்கிறார். லைன் மேல்தான் குற்றம் என்றால் டெலிபோன் ஆபீசில் எழுதி வாங்கி வரச் சொல்கிறார். ஆவணிக்குள் காகிதம் வராவிட்டால் பண்ருட்டியில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். இங்கே கடைத்தெருவில், பெண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் பேச்சே நின்றுவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரேகா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மாமா, நான் அவ்ளோ மோசமாவா இருந்தேன்?"

6. ஆகவே, ஒவ்வொரு சென்டரும் ஆளுக்கு எத்தனை கேபி, அது எந்த மோடத்துக்குச் சமம் என்று பலகையில் எழுத ஆணையிட வேண்டும். நாளை 2048 கேபி பெரிய லைன் வரும். அதை 56-ஆல் வகுத்து முப்பத்தாறு மோடம் என்று விற்பார்கள். அது 64 கேபி வழிகள் முப்பத்திரண்டு சேர்ந்தது. அந்த முப்பத்திரண்டில் இரண்டு, லைனின் சொந்த வேலைக்கே போய்விடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதாக, மேற்படி நேரத்தில் லைன் நெரிசலில் நின்றது என்று சான்று வழங்க வேண்டும்.

7. இம்மனுவைப் படியெடுத்த ரேகா, மூன்றாம் பத்தியில் பேனாவை வைத்துவிட்டாள். அதைத் திருத்தாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். எனவே எழுதுகிறேன்: காலேஜ் பையன்கள் எவரும் அங்கே இல்லை. ஏழு கம்ப்யூட்டரிலும் இருந்தது நான் வேனில் ஏற்றிப் போன எங்கள் ஆட்கள். சும்மா நிற்கிறார்களே என்று, "உக்காருங்க மச்சான், அறுவத்துநாலு இருக்குது, தாங்கும்" என்று உட்காரவைத்தது நான். ஒருவர் கிரிக்கெட் பார்த்தார், ஒருவர் பாட்டுக் கேட்டார். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னவர் கண்ணாயிரம்.

சான்றில் குற்றம் யாருடையது என்று எழுத வேண்டுமானால் என் பெயரையே எழுதுங்கள் ஐயா. மாப்பிள்ளையின் குரல் வராதது லைனால்தான், எங்கள் பெண்ணின் முகத்தால் அல்ல என்பது மட்டும் அதில் இருக்கட்டும்.

இடம்: புவனகிரி
நாள்: 28.08.2006

தங்கள் உண்மையுள்ள,
ம. கொளஞ்சியப்பன்

பாதிக்கப்பட்டவர்: ரேகா
(ஏழாம் பத்தி சேர்த்த பிறகு கையொப்பமிட்டது)