ஆறு மூக்கும் ஒரு வெற்று ஜாடியும்

மார்ச் 4, செவ்வாய்

இந்த முறையும் பொடி கசக்கிறது.

கடலைப் புண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரித்து, நொதியைச் சேர்த்து, ஐம்பது டிகிரி சூட்டில் வைத்தால் புரதம் துண்டு துண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகளுக்குத்தான் பெப்டைடு என்று பெயர். எண்ணெய்ப் பண்டத்தில் சேர்த்தால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் என்பது எங்கள் கட்சி. ஐந்து மணி நேரம் விட்டால் வாயில் வைக்க முடியவில்லை. மூன்றரையில் நிறுத்தினால் பரவாயில்லை. மூன்றரை என்று கண்டுபிடிக்க நான்கு மாதம்.

புண்ணாக்கு அண்ணனுடைய எண்ணெய் மில்லிலிருந்து வருகிறது. "மாட்டு வாயில மண்ணப் போட்டுட்டு என்னத்தப் பண்றியோ" என்பான் ஒவ்வொரு முறையும்.

மார்ச் 7

கத்தரிக்கோல் அறிக்கையைப் பார்த்தார். எங்கள் ஆய்வகத் தலைவர். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார், அதனால் அந்தப் பெயர். கருவி தந்த எண்கள் நன்றாகவே இருக்கின்றன. அவர் அசையவில்லை.

"மெஷினா சாப்பிடப் போகுது? ஆளுங்க மூக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. இந்த மாசத்துக்குள்ள தெரியலைன்னா மூடிடலாம்."

எண்ணெய் வாடை அறிந்த ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். ஆறாவது யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

மார்ச் 8

மில்லுக்குப் போனேன். மூட்டை வண்டி வந்திருந்தது. அண்ணன் ஒரு கைப்பிடி நிலக்கடலைப் பருப்பை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோவான். ஒரே வார்த்தைதான்: "இறக்கு" அல்லது "திருப்பு". மறுபேச்சு கிடையாது. பதினெட்டு வருடமாக அந்த மூக்குக்கு இந்த வட்டாரமே பயப்படுகிறது. இன்று நான்கு மூட்டை திரும்பிப் போயின.

பக்கத்தில் அண்ணி. இப்போதெல்லாம் அவரும் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறார். விடாமல் இருமல் வேறு. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "தூசிம்மா, வேற என்ன" என்றார்.

மோந்து பார்க்க வா என்று அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது, முதுகு வலிக்கிறது, என்னென்னவோ சொன்னான். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13

ஆறு பேர், ஆறு தடுப்பறை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வறுத்த கடலை விழுது, நாற்பது நாள் சூட்டுப் பெட்டியில் இருந்தது. பாதி ஜாடிகளில் என் பொடி, பாதியில் இல்லை. கறுப்புக் கண்ணாடி, வாயில் துளையிட்ட அலுமினியத் தாள், பெயருக்குப் பதில் மூன்று இலக்க எண்.

ஐந்து பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: பொடி போட்டது நன்றாக இருக்கிறது, போடாதது கெட்டுவிட்டது. நான்காம் அறை மட்டும் நேர்மாறு. நான்காம் அறை அண்ணன்.

மார்ச் 14

எண்களை மாற்றி ஒட்டிவிட்டேனா? எல்லா ஜாடியையும் திறந்து பார்த்தேன். இல்லை.

மார்ச் 18

மறுபடி வைத்தோம். இம்முறை அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். அவனைச் சேர்த்தால் கணக்கு நிற்கவில்லை. எடுத்தால் நிற்கிறது.

மார்ச் 20

ஒரு ஜாடியில் கழுவிய கோலிக்குண்டுகளை மட்டும் போட்டேன், கனத்துக்காக. வேறு எதுவும் இல்லை. எண் 617.

ஐந்து பேர் "வாசனை இல்லை" என்று எழுதினார்கள், ஒருவர் "காலியா?" என்றே கேட்டு எழுதியிருந்தார். நான்காம் தாளில், அண்ணனுடைய சாய்ந்த கையெழுத்தில்: "நல்ல வறுத்த கடலை வாசம். லேசாக."

தாளைக் கோப்பில் வைத்தேன். கைகளைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன்.

மார்ச் 21

அண்ணி இருமியது தூசியால் இல்லை.

மார்ச் 22, சனி

வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தான். அண்ணி என் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டார்.

"தெரிஞ்சு போச்சா?"

அண்ணனுக்கு இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலோடு போன வாசனை திரும்பவில்லை. பருப்பு கெட்டிருந்தால் அண்ணி இருமுவார். அவன் "திருப்பு" என்பான். அவ்வளவுதான் ஏற்பாடு. "மூட்டை விக்கிறவனுக்குத் தெரிஞ்சா, ஊர்ல இருக்கிற கெட்ட பருப்பெல்லாம் நம்ம வாசல்லதாம்மா இறங்கும்."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். மறைக்க வரவில்லை எனக்கு. காலி ஜாடியைச் சொன்னேன்.

"கூடப் பொறந்தவனுக்கே பொறி வச்சியா?"

ஆமாம். வச்சேன். ஆனா ரெண்டு வருஷம் எங்கிட்ட ஏன்டா சொல்லல? நான் யாரோவா? புண்ணாக்கு வாங்க வாரா வாரம் வந்து நிக்கிறேனே, ஒரு வார்த்தை — கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 25

கத்தரிக்கோலிடம் நான்காம் தாளை எடுத்துவிடலாமா என்றேன்.

"தாராளமா. காரணம் எழுதுங்க. காரணம் இல்லாம நானே ஒருத்தரை வெட்ட மாட்டேன்."

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அறிக்கையின் நகல் மில்காரர்கள் சங்கத்துக்குப் போகும். அங்கே மூட்டை வியாபாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் ஆள் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் போதும்.

மார்ச் 26

கட்டத்தில் "சளி" என்று பென்சிலால் எழுதினேன். பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

மார்ச் 27

புண்ணாக்கு வரவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுக்கவில்லை.

மார்ச் 28

பதினோரு மணிக்கு அண்ணன் தானே புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மேசையில் இருந்த படிவத்தைப் படித்தான்.

"சளியா? ரெண்டு வருஷ சளியா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக நீ எழுதின பொய்யை நாளைக்கு எவனாவது பிடிச்சான்னா, உன் வேலைதான் போகும். என் மூக்கு ஏற்கெனவே போயிடுச்சு."

ரப்பரைக் கேட்டு வாங்கினான். அழித்தான். என் பேனாவை எடுத்து எழுதினான்: "இவருக்கு வாசனை தெரியாது. இரண்டு வருடமாக." கீழே கையெழுத்தும் போட்டான், அந்தக் கட்டத்தில் கையெழுத்துக்கு இடமே இல்லை.

போகும்போது வாசலில் நின்று, "அந்தக் காலி ஜாடியில வாசம் இருந்தா மாதிரிதான்டி இருந்துச்சு" என்றான். அவன் போன பிறகு அழுதேன்.

ஏப்ரல் 3

ஐந்து மூக்கின் கணக்கு நின்றது. கத்தரிக்கோல் இரண்டு முறை படித்தார். ஒரு கமாவை மட்டும் வெட்டினார். வேலை இன்னும் ஒரு வருடம் தொடரும்.

ஏப்ரல் 9

சங்கத்துக்கு நகல் போய்விட்டது.

ஏப்ரல் 16

போன வாரம் மில்லுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வண்டி வந்ததாம். எதற்கு வந்தார்கள் என்று சொல்லவா வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

மில். தராசுக்குப் பக்கத்தில் அண்ணனுடைய நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அண்ணன் நின்றுகொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு வியாபாரி சிரித்த முகத்தோடு ஒரு கைப்பிடி பருப்பை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை.

"அங்க குடுங்க."

அண்ணி தேய்த்தார், மோந்தார். வியாபாரியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"திருப்பு."

அரை மணி நேரம் அங்கே இருந்தேன். தூசி எப்போதும் போலத்தான் பறந்தது. அண்ணி ஒரு முறைகூட இருமவில்லை.